அளவுகோலுக்குப் பக்கத்தில் நின்ற பூட்டி

போன கிழமை என் மகள் கைப்பேசியில் ஒரு படம் காட்டினாள். பாரிஸில் மார்க்ஸ் டோர்மோய் மெற்றோ வாசலில் நானும் அவளும் நிற்கிறோம். பின்னால் முன்பின் தெரியாத ஒருவர் குரோசோன் பணிசைக் கடித்தபடி நிற்கிறார். "அத்தோன், மமோன்" என்று என்னைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, அவர்மேல் விரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தாள். ஆளைக் காணோம். அவர் மறைத்துக்கொண்டிருந்த சுவர்கூட ஒழுங்காக வந்துவிட்டது.

இந்த வேலைக்குத்தான் ஒரு காலத்தில் எனக்குச் சம்பளம் தந்தார்கள். ஒரு ஆளை அழிக்க எனக்கு அரை நாள் போகும். அழித்த பிறகும் தோள் இருந்த இடத்தில் புகை மாதிரி ஏதோ நிற்கும். முதலாளி குணம் அண்ணை எட்டிப் பார்த்துவிட்டு, "பிள்ளை, ஆள் போயிட்டார், ஆவி இன்னும் போகேல்லை" என்பார்.

ரூ காய் தெருவுக்குப் பக்கத்தில் இருந்தது அந்த ஸ்டூடியோ. கல்யாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. 2009க்குப் பிறகு வேலையே மாறிப்போனது. வன்னிப் போரில் செத்தவர்களின் படங்கள் வரத் தொடங்கின. அடையாள அட்டையில் தபால்தலை அளவில் ஒரு முகம், யாருடையவோ கல்யாணப் படத்தில் கடைசி வரிசையில் பாதி முகம். அதை வெட்டியெடுத்துப் பெருப்பித்து, நீல வானம் வைத்து, உடுப்பு மாற்றி, சட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும். குணம் அண்ணையின் கம்ப்யூட்டரில் 'அலுமாரி' என்றே ஒரு கோப்புறை இருந்தது. ஆண்களுக்குக் கோட்டு, பெண்களுக்கு அரக்குச் சேலை, அட்டியல், தோடு. தலை மட்டும் வந்தால் போதும், மிச்சத்தை நாங்கள் உடுத்திவிடுவோம். வாங்க வந்தவர்கள் "இப்பதான் அம்மா அம்மா மாதிரி இருக்கிறா" என்று அழுவார்கள். நானும் அழுவேன். நான் பெரிய கெட்டிக்காரி இல்லை. விசைப்பலகை நனையாமல் அழத் தெரிந்தவள், அவ்வளவுதான்.

அடுத்த மாரியில் ஒருநாள், கடைக் கண்ணாடிக்கு வெளியே ஒரு பெண் கனநேரம் நின்று சுவரிலிருந்த அந்தப் படங்களையே பார்த்தார். எங்களைப் போலக் கறுப்பு, நரைத்த சுருட்டைத் தலை, அறுபது வயது இருக்கும். உள்ளே வந்து ஆங்கிலத்தில் பேசினார். பெயர் ரோஸ். அவுஸ்திரேலியாவின் பழங்குடிப் பெண். கார் து நோர் ரயில் நிலையத்தின் பக்கம் ஒரு மலிவான ஹோட்டலில் தங்கியிருக்கிறார். குணம் அண்ணைக்குப் பள்ளிக்கூட ஆங்கிலம் கொஞ்சம் இருந்தது. எனக்கு அதிலும் குறைவு.

"இவையெல்லாம் செத்த ஆக்களோ?" என்று சுவரைக் காட்டிக் கேட்டார்.

"ஓம்."

"எனக்கும் ஒரு ஆள் இருக்கிறா" என்று ஒரு யூ.எஸ்.பியை நீட்டினார்.

திரையில் படம் விரிந்தபோது குணம் அண்ணை எழும்பி நின்றுவிட்டார். முப்பது வயதுப் பெண். இடுப்பில் ஒரு முரட்டுக் கம்பளி, மேலில் ஒன்றுமில்லை. பக்கத்தில் இலக்கமிட்ட ஒரு உயரக் கோல். மாட்டை அளப்பது போல அளந்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கண்கள்! படம் பிடித்தவனை நேரே பார்த்துக்கொண்டு நின்றார். நூறு வருஷம் கழிந்து அந்தப் பார்வை என்மேல் விழுந்தது. நான் கதிரையில் நிமிர்ந்து இருந்தேன்.

ரோஸ் அக்காவின் அம்மம்மாவுக்குத் தாய் அவர். எங்கள் முறையில் பூட்டி. வெள்ளைக்காரர் செம்மறியாடுகளோடு வந்து ஆற்றங்கரையைப் பிடித்தபோது புருஷனைச் சுட்டுப்போட்டார்கள். பூட்டி அதே ஆட்களின் பண்ணையில் உடுப்புத் தோய்த்துப் பிள்ளைகளை வளர்த்தார். பிறகு பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு போனார்கள், மிஷன் விடுதிக்கு. அந்த வண்டிக்குப் பின்னால் பூட்டி நடந்தாராம். நாள்கணக்காக நடந்து, விடுதி வேலிக்கு வெளியே குடில் போட்டு, வருஷக்கணக்காக அங்கேயே இருந்தாராம். ஒவ்வொரு பொழுதுபடும் நேரமும் வேலியைப் பார்த்து அவர்களுடைய பாஷையில் பாடுவாராம், உள்ளே பிள்ளைகள் பேச்சை மறந்துபோகக் கூடாது என்று. இதையெல்லாம் குணம் அண்ணைதான் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்.

கடைக்குட்டி ஒருத்தியை மட்டும் அவர்களால் பிடிக்க முடியவில்லை. அவர்தான் ரோஸ் அக்காவின் அம்மம்மா. எத்தனையோ தரம் வந்து தேடினார்கள். பூட்டி உங்களை எங்கே ஒளித்தார் என்று கேட்டால் அம்மம்மா சிரிப்பாராம், சொல்ல மாட்டாராம்.

அம்மம்மாவின் கடைசி மகள், வருத்தமாகிப் படுக்கையில் கிடக்கும் சின்னம்மாவுக்காகத்தான் ரோஸ் அக்கா இவ்வளவு தூரம் வந்திருந்தார். ஆட்களை அளந்து ஆராயப் போன ஒரு பிரெஞ்சுக்காரர் எடுத்த பூட்டியின் படம் பாரிஸில் ஒரு அருங்காட்சியகத்தின் சேமிப்பறைப் பெட்டியில் இருக்கிறது என்று குடும்பத்துக்குப் பிந்தித்தான் தெரியவந்தது. அங்கே வாங்கிய பிரதிதான் அந்த யூ.எஸ்.பியில் இருந்தது. "சின்னம்மா கண்ணை மூட முந்தி அவவைப் பாக்க வேணும் எண்டு சொன்னா. இந்தக் கோலத்தில எப்பிடிக் காட்டுறது? அந்தத் தடியை எடுத்துவிடுங்கோ. அவவுக்கு மேலுக்கு ஏதாவது போட்டுவிடுங்கோ." ஞாயிற்றுக்கிழமை விமானம்.

அவரைச் சாப்பிட அனுப்பிவிட்டு குணம் அண்ணை தானே கதிரையில் இருந்தார். "ஒரு தாயை இப்பிடி வைச்சிருக்கேலாது பிள்ளை." சாமிக்குச் சாத்துவது போல அவ்வளவு பயபக்தியோடு செய்தார். ரோஸ் அக்கா திரும்பி வந்தபோது திரையில் பூட்டி அரக்குச் சேலை, அட்டியல், தோடு, நெற்றியில் வட்டப் பொட்டோடு நீல வானத்தின் முன் நின்றார். எங்களுக்கு அது குறையாகவே தெரியவில்லை. செத்தவர்களை நாங்கள் அப்படித்தானே அனுப்பிவைக்கிறோம்?

ரோஸ் அக்கா திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்தார். பிறகு, "ஆரின்ர கலியாணத்துக்குப் போறா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும். குணம் அண்ணை காதுவரை வெட்கப்பட்டு, பிறகு தானும் சிரித்தார். ரோஸ் அக்காவின் மச்சாள்மார் பொசம் என்ற மரவிலங்கின் தோல்களைச் சேர்த்துத் தைத்த ஒரு போர்வையின் படம் அவரிடம் இருந்தது. தோளிலிருந்து கணுக்கால்வரை இறங்கும். அந்தக் காலத்தில் பூட்டியும் அப்படித்தான் போர்த்தியிருப்பாராம். "இதைப் போடுங்கோ."

முதலில் கோலை எடுக்க வேண்டும். அது என் வேலை. கோலுக்குக் கீழே கம்பளியின் ஓரம் ஒரே இருட்டு. எங்கே வெட்டுவது என்று தெரியாமல் அந்த இடத்துக்கு மட்டும் வெளிச்சத்தைக் கூட்டினேன். இன்னும் கொஞ்சம் கூட்டினேன். பின்னால் நின்ற ரோஸ் அக்கா என் தோளை இறுக்கிப் பிடித்தார்.

கம்பளியின் ஓரத்தைப் பின்னாலிருந்து பிடித்தபடி சின்னஞ்சிறு விரல்கள்.

"அது என்ர அம்மம்மா" என்றார் ரோஸ் அக்கா.

பிள்ளை பிடிக்கிறவர்களின் கூட்டாளிகளுக்கு நடுவில், கமராவுக்கு நேரே, தன் முதுகுக்குப் பின்னால் பிள்ளையை வைத்துக்கொண்டு அந்த மனுசி அசையாமல் நின்றிருக்கிறார். படம் பிடித்தவர் கோலின் இலக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். அந்தக் கண்கள் ஏன் அப்படிப் பார்த்தன என்று அப்போதுதான் விளங்கியது. என்னைப் பார், என்னை மட்டும் பார் என்று படம் பிடித்தவரைக் கட்டிப்போட்டிருக்கிறார் பூட்டி.

எனக்கோ ஒரே சந்தோஷம். "போர்வையை இடுப்போட நிப்பாட்டுவம் அக்கா. இல்லாட்டி விரல் மறைஞ்சு போகும்" என்றேன்.

ரோஸ் அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேண்டாம் தங்கச்சி. முழுக்க மூடுங்கோ. அவ ஒளிச்சு வைச்ச பிள்ளையை நாங்கள் காட்டிக் குடுக்கக் கூடாது." பிறகு, "வெளிச்சம் கூட்டினதையும் அழிச்சுவிடுங்கோ" என்றார்.

அழித்தேன். போர்வை தோளிலிருந்து கணுக்கால்வரை இறங்கியது. குணம் அண்ணை சட்டம் போட்டு, கூலி வாங்க மறுத்து, படத்தை இரண்டு கையாலும் கொடுத்தார்.

ஒரு மாதம் கழித்து ரோஸ் அக்கா தொலைபேசியில் சொன்னார். சின்னம்மா படத்தை மடியில் வைத்து அந்த விரல்களின் கதையைக் கேட்டாராம். பிறகு போர்வையின் அந்த ஓரத்தில் உள்ளங்கையை வைத்து, "அம்மா, இனி வெளியில வாங்கோ, அவங்கள் போயிட்டாங்கள்" என்றாராம்.

சின்னம்மா இப்போது இல்லை. ஸ்டூடியோவும் இல்லை, அந்த இடத்தில் கைப்பேசி உறை விற்கிறார்கள். குணம் அண்ணை பாரிஸுக்கு வெளியே கூசேன்வில்லில் மகனோடு இருக்கிறார், கம்ப்யூட்டரை எப்போதோ குப்பையில் போட்டுவிட்டார். சேமிப்பறைப் பெட்டிக்குள் இருக்கும் பழைய படத்தில் அந்த ஓரம் இன்னும் வெறும் இருட்டுத்தான். உங்களிடம் மனம் விட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எந்த ஆறு, எந்தப் பெட்டி என்று மட்டும் கேட்காதீர்கள். நான் சொல்ல மாட்டேன்.