வாசல் பள்ளத்து முருங்கை

நான் எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிறவள். கேஸை மூடினேனா என்று பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து பார்த்திருக்கிறேன். எட்டாவதோடு படிப்பை விட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்ததிலிருந்து இப்படித்தான். கால் பெடலை மிதிக்கும், மனசு எதையாவது நினைத்துப் பயந்துகொண்டிருக்கும். அப்படிப்பட்டவள் வாசலில் போய்ப் பள்ளம் தோண்டினார்கள்.

மயிலாப்பூரில் எங்கள் சந்து ஒரு ஆட்டோ நுழைகிற அகலம்தான். மழைநீர் வடிகால் போட வந்த கார்ப்பரேஷன் ஆட்கள் சந்து நெடுக சிலாப் போட்டு மூடிக்கொண்டே வந்தார்கள். என் வாசலுக்கு வந்ததும் ஒரு சிலாப் குறைகிறது என்று போனவர்கள்தான், திரும்பவில்லை. மகள் பிரசவத்துக்குக் கோடம்பாக்கத்திலிருந்து என் வீட்டுக்கு வருவதாக இருந்தாள். பள்ளத்தைத் தாண்டி ஆட்டோ வாசலுக்கு வராது. வலி எடுத்தால் அவளை எப்படிப் பள்ளம் தாண்ட வைத்து ஆட்டோவில் ஏற்றுவேன்? தைத்த ரவிக்கையில் பாதிக்கு மேல் பிரித்துத் தைக்கும்படி ஆனது அந்தக் கவலையால்தான்.

வார்டு ஆபீசுக்கு நடையாய் நடந்தேன். வடிகால் பார்க்கிறவர், அது ரோடு பார்க்கிறவர் வேலை என்றார். ரோடு பார்க்கிறவர் லீவு. அவர் வந்த அன்றைக்கு இவர் லீவு. எதிர்வீட்டு மாமி தன் போனில் எனக்காகப் புகார் போட்டார். குறை தீர்க்கப்பட்டது என்று போட்டோவோடு பதில் வந்துவிட்டது. போட்டோவில் புது சிலாப், ரோஸ் கலர் சுவர், பக்கத்தில் ஒரு பசுமாடு. எங்கள் சந்தில் ரோஸ் சுவரும் கிடையாது, மாடும் கிடையாது. அந்த மாட்டுக்காரர்களாவது நன்றாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த ஊரில் பள்ளத்தைப் பார்த்தால் யாராவது ஒரு கிளையை நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிடுவார்கள், வண்டிக்காரர்கள் பார்த்து ஒதுங்கட்டும் என்று. நானும் பின்பக்க முருங்கையில் ஒரு கொம்பு வெட்டி, பள்ளத்து ஓரம் ஊன்றி, ரவிக்கை வெட்டியதில் மிஞ்சிய சிவப்புத் துண்டைக் கட்டினேன். அப்போது மழைக்காலம். முருங்கைக் கொம்பு சும்மா இருக்குமா? துளிர்த்துவிட்டது.

ஒருநாள் காலையில் அதன் அடியில் குங்குமம் இருந்தது. மறுநாள் ஒரு முழம் மல்லிகை. அது வெறும் ரவிக்கைத் துணி என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை. ஸ்கூட்டரில் போகிறவர்கள் ஒரு கையை விட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். விழுந்து வைக்கப்போகிறார்களே என்று அது வேறு எனக்குக் கவலை.

மகள் வருவதற்கு முந்தின நாள், அதிசயமாக, சிலாப்போடு ஒரு வண்டி வந்தது. இறங்கிய மேஸ்திரி முருங்கையைப் பார்த்தார், செருப்பைக் கழற்றினார், ஆட்களைத் திரும்ப ஏறச் சொன்னார்.

"சாமி மேட்டர்மா. ஆபீசர் எழுதிக் குடுக்காம நாங்க கை வெக்க மாட்டோம்."

ஆபீசர் எழுதுவதற்குள் பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடும். உள்ளே ஓடி, அதே சிவப்பில் தைத்து வைத்திருந்த மாமியின் ரவிக்கையை எடுத்து வந்து துண்டோடு சேர்த்துப் பிடித்துக் காட்டினேன். மேஸ்திரி ரவிக்கையையும் கும்பிட்டார்.

பக்கத்து வீட்டு ஆட்டோக்காரத் தம்பி வண்டியில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தது. "இன்னா மேஸ்திரி, முருங்க மரத்துல பேய்தான் குந்திகினு கீதுன்வாங்க. நீ சாமின்ற?"

மேஸ்திரி இன்னும் ரெண்டு அடி பின்னால் போனார்.

"நட்டவ நான். நானே புடுங்கறேன்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, கொம்பைத் தொடவில்லை. ரவிக்கைத் துணிதான் என்று எல்லோருக்கும் சொன்ன எனக்கே, ஒருவேளை ஏதாவது இருந்துவிட்டால் என்று பயம்.

மாமி கற்பூரத் தட்டோடு இறங்கி வந்தார். "எதுக்கும் ஒண்ண ஏத்திட்டுப் புடுங்கு. இருந்தா சந்தோஷப்படும், இல்லேன்னா நமக்கென்ன நஷ்டம்?"

ஏற்றினேன். மகளை நினைத்துக்கொண்டு இழுத்தேன். வேரும் மண்ணுமாகக் கொம்பு கையோடு வந்தது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. மேஸ்திரி வந்து சிலாப்பை இறக்கி, பூசி, போட்டோ எடுத்தார். மாடு இல்லாத போட்டோ.

மறுநாள் தம்பியின் ஆட்டோ சிலாப் மேல் மெதுவாக ஏறி, மகளை வாசற்படியிலேயே இறக்கிவிட்டது. வலி எடுத்த அன்றைக்கு அதே ஆட்டோவில்தான் ஆஸ்பத்திரிக்கும் போனோம்.

முருங்கையை மொட்டைமாடியில் பெயின்ட் வாளியில் வைத்தேன். பிள்ளை பெற்ற மகளுக்கு அதன் கீரையைத்தான் பொரியல் செய்து போட்டேன். பால் நன்றாக ஊறியது.

போன வாரம் சந்து முனையில் கேபிளுக்கென்று வேறு யாரோ தோண்டிப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பேத்திக்குத் தடுப்பூசி போட வேண்டும், ஆட்டோ எப்படி வெளியே போகும் என்று நான் ஆரம்பிப்பதற்குள் தம்பி முருங்கைக் கொம்பு வெட்டக் கத்தியோடு மாடிப்படி ஏறிவிட்டது.

"யக்கா, செவப்புத் துணி கீதா?"