யாரும் உதவாத பேருந்து

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். உளவியல் படித்து முடித்து, ஏற்காட்டிலேயே ஒரு சிறு ஆலோசனை மையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

அங்கே என்னிடம் வந்த அக்கா ஒருவர், எஸ்டேட்டில் காப்பி பறிப்பவர். குப்பனூர் மலைச்சாலையில் ஜீப் கவிழ்ந்து தோள் எலும்பு முறிந்ததிலிருந்து அவர் மலையை விட்டு இறங்கியதில்லை. சேலத்தில் மகளுக்குப் பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"அவ வலியில கத்தறப்ப நான் பக்கத்துல இருக்கோணும் கண்ணு" என்றார்.

பயத்தைப் படிப்படியாகப் பழக்கும் திட்டம் ஒன்று போட்டேன். முதலில் நிற்கும் பேருந்தில் சும்மா உட்காருவது; அது பழகியதும் வளைவுகள் வழியாக அடிவாரம் வரை போய்த் திரும்புவது. உட்காருவது எளிதாக முடிந்தது. போனபோதுதான் சிக்கல். அக்கா நடுங்குவதைப் பார்த்ததும் பேருந்தே எழுந்து வந்தது. ஒருவர் எலுமிச்சம்பழம் கொடுத்தார். ஒருவர் திருநீறு பூசினார். ஓர் அம்மா தன் முந்தானையால் அவர் கண்ணை மூடிவிட்டார். திரும்பி வந்ததும் அக்கா சொன்னார்: "அந்தப் பழம் இருந்ததால பொழச்சேன். இல்லாட்டி செத்திருப்பேன்."

அந்த உதவி ஒவ்வொன்றும், உன்னால் தாங்க முடியாது என்றே அவரிடம் சொல்லியிருக்கிறது. அவருக்கு மட்டும் திட்டம் போட்டால் போதாது, பேருந்துக்கும் போட வேண்டும். அவர் பயத்தைப் பற்றிப் பேருந்தில் எல்லாரிடமும் சொல்லலாமா என்று அவரைக் கேட்டேன். "தெரியாதவங்க ஆரு இருக்கறாங்க, சொல்லு" என்றார்.

அடுத்த முறை பேருந்து கிளம்புமுன் எழுந்து நின்றேன். "அக்கா நடுங்குனா நடுங்கட்டுங்க. அழுதா அழுகட்டுங்க. ஆரும் ஒண்ணும் செய்யாதீங்க."

"ஏனுங்க, பயப்படற பொம்பளைக்கு ஒதவக்கூடாதுன்னு எந்தப் படிப்புல போட்டிருக்குது?" என்றார், பலாப்பழத்தோடு உட்கார்ந்திருந்த பெரியவர்.

"நான் படிச்ச படிப்புலதாங்க."

"நல்ல படிப்பு" என்றார் கண்டக்டர். "எனக்கும் இத்தன நாளா ஆரும் ஒதவுனதில்ல."

முதல் வளைவிலேயே அக்காவுக்கு வேர்த்துக் கொட்டியது. கம்பியை விடாமல் பிடித்திருந்தார். கண்ணை மட்டும் மூடவில்லை. பெரியவரின் கை நீண்டு, மடிக்கே திரும்பியது. எனக்கே அக்காவின் தோளைத் தொட வேண்டும்போல் இருந்தது, கையைக் கட்டிக்கொண்டேன். பயம் ஏறிக்கொண்டே போய், மேலே ஏற இடமில்லாமல் மெல்லத் தணிந்தது. பாதி மலையில் எதிரே லாரி வந்தபோது அக்கா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "எடம் பத்துமுங்க" என்றார்.

அடிவாரத்தில் இறங்கி, மேலே போகும் பேருந்தைப் பிடிப்பதாக ஏற்பாடு. நான் எழுந்தேன். அவர் எழவில்லை.

"நீ போ கண்ணு. நான் இப்பிடியே சேலம் போயி புள்ளகிட்ட இருந்துக்கறேன்."

"மாத்துத் துணிக்கு?"

"அவ சேலைய உடுத்திக்கறேன்."

கண்டக்டர் விசிலோடு காத்திருந்தார். நான் படியை விட்டு இறங்கியதும் டிரைவரிடம் சொன்னார்: "படிச்சவங்க மட்டும்தான் எறங்கறாங்க. போலாம், ரைட்."