வீட்டை அடகு வைக்கப் போய்த் திரும்பி வந்தோம்

பொறியியல் மேற்படிப்புக்கு எங்கே போகிறாய் என்று இந்த இணையக் குழுவில் கேட்டுக்கொண்டே இருந்தவர்களுக்கு இன்று பதில் கிடைத்துவிட்டது.

அமெரிக்காவில் இரண்டு இடங்கள் கிடைத்திருந்தன. ஒன்று எல்லோருக்கும் தெரிந்த பெரிய பல்கலைக்கழகம். செலவு முழுவதும் நம்முடையது. இன்னொன்று பெயரே கேள்விப்படாத ஓர் ஊரில். பேராசிரியரின் ஆய்வகத்தில் வேலை செய்தால் கட்டணம் இல்லை, மாதச் சம்பளமும் உண்டு.

எனக்குப் பெரிய பெயர்தான் வேண்டியிருந்தது. நம் மலேசிய ரிங்கிட்டின் மதிப்பு விழுந்து கிடக்கும் இந்த நேரத்திலும் அப்பா மறுத்துப் பேசவில்லை. கிள்ளானில் நாங்கள் குடியிருக்கும் வீட்டை அடகு வைக்க இன்று காலை என்னை வங்கிக்கு அழைத்துப் போனார்.

அங்கே கடன் பிரிவில் இருந்த அக்கா, "அங்கிள், வேலை இன்னும் எத்தன வருஷம் இருக்கு?" என்று கேட்டார்.

"நெறைய இருக்கு லா," என்றார் அப்பா.

அடுத்த வருடம் அவர் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெறுகிறார். அப்பா பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை.

"வேணாம் அக்கா. நான் இன்னொரு இடத்துக்கே போறேன்," என்றேன்.

வெளியே வந்ததும், "நெஜமாவா மா? எனக்காகச் சொல்லலயே?" என்று கேட்டார்.

"பாதி உங்களுக்காகத்தான். மீதி எனக்கு. கடன நெனச்சுக்கிட்டே என்னால படிக்க முடியாதுப்பா."

பக்கத்துக் கடையில் ரொட்டி சானாய் வாங்கித் தந்தார். "ஒரு வாரமா சோறே எறங்கல," என்று சொல்லிவிட்டு, என்னுடையதையும் சேர்த்துச் சாப்பிட்டார்.

நேராக சைபர் கஃபேக்கு வந்து, பேராசிரியருக்குச் சம்மதம் அனுப்பிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். மனசு லேசாக இருக்கிறது.

அப்பா இங்கே சுவரில் இருக்கும் உலகப் படத்தில் நான் போகப்போகும் ஊரைத் தேடிக்கொண்டிருக்கிறார். இன்னும் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் இருப்பவர்கள் யாராவது, அப்படி ஓர் ஊர் உண்மையிலேயே இருக்கிறது என்று அவருக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.