அம்மாவுக்கு ஆன செலவு

பெற்றவளுக்குச் செய்ததைக் கணக்குப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பார்த்தேன். காசு வரைக்கும் பார்த்தேன். அதற்காக வெட்கப்படவும் இல்லை.

ரப்பர் விலை விழுந்திருந்த காலம். மலாயாவில், ரெங்கத்துக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் சின்னக் கிராணி. விடியுமுன் பெரட்டுக்களத்தில் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஏட்டில் பதிவதும், வெட்டி வந்த பாலை நிறுப்பதும் என் வேலை. அம்மா அதே தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷம் பால்மரம் வெட்டியவள். அவளுக்கு நினைவு கலையத் தொடங்கியிருந்தது. என்னை யாரென்று கேட்பாள். கை மட்டும் தொழிலை மறக்கவில்லை. காலையில் மற்றவர்கள் வெட்டிவிட்டுப் போன மரங்களை மத்தியானம் போய் மறுபடி வெட்டினாள், பட்டையைத் தாண்டிக் கட்டை தெரியும்படி. ஒரே வாரத்தில் பதினான்கு மரங்களில் காயம். என் சம்பளத்தில் இரண்டு வெள்ளி பிடித்தார்கள்.

அவளைப் பார்த்துக்கொள்ள என் மனைவி வெட்டுக்குப் போவதை நிறுத்தினாள். அவள் நாள் கூலி முப்பத்திரண்டு காசு. இருபத்தாறு நாளுக்கு எட்டு வெள்ளி முப்பத்திரண்டு காசு. எனக்கே மாதம் இருபத்தைந்து வெள்ளிதான்.

அந்த மாதம், வேலைக்கு ஆகாதவர்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றப் பட்டியல் கேட்டார் துரை. எழுத வேண்டியவன் நான். அம்மாவுக்கு அங்கே ஒருவரும் மிச்சமில்லை. யாழ்ப்பாணத்துக்காரரான பெரிய கிராணி பட்டியலை எட்டிப் பார்த்தார்.

"தம்பி, அம்மான்ர பேரைக் காணேல்லையே."

"எழுதலைங்க ஐயா."

"கப்பல் சும்மா. உமக்கு ஒரு சதமும் செலவில்லை. கணக்குப் புலி எண்டு பேர், இது விளங்கேல்லையோ?"

"செலவு எவ்வளவுன்னு எனக்குத் தெரியுங்க. நான் கட்டிக்கிறேன்."

"அப்ப நாளைக்குத் துரை பெரட்டுக்கு வருவார். நீரே சொல்லும்."

வீட்டில் மனைவி சொன்னாள்: "கத்தியைப் பிடுங்கினா நாள் முழுக்க அழறாங்க. மொன்னையாக்கிக் குடுத்தா என்ன? பேனா பிடிச்ச கை, ஒரு நாளாவது உருப்படியா எதையாவது தேய்க்கட்டும்."

கல்லில் தேய்த்தேன். இருநூறு தேய்ப்பு.

மறுநாள் ஏட்டின் கடைசிப் பேருக்குப் பிறகு, ஏட்டில் இல்லாத அம்மாவின் பேரையும் கூப்பிட்டேன். "இருக்கேன்" என்று வாளியும் கத்தியுமாக முன்னால் வந்தாள். துரை கத்தியை வாங்கி அதன் வாயில் விரலை ஓட்டினார். விரல் வெட்டுப்படவில்லை.

"இவளுக்கு யார் கூலி கொடுப்பது?" என்றார். அவருக்குத் தோட்டத்துத் தமிழ் தெரியும்.

"நான்தாங்க தொரை. நாங்க குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால கழிச்சுவிட்ட மரம் ஏழு இருக்கு. அதோட நிப்பாங்க. வேற மரத்துல ஒரு காயம் பட்டாலும் என் மாசச் சம்பளம் முழுசையும் பிடிச்சுக்குங்க."

"எழுதிக் கொடு."

எழுதிக் கொடுத்தேன். பட்டியல் அம்மாவின் பேர் இல்லாமலே போனது.

அதன்பிறகு அவள் நாற்பது மாதம் இருந்தாள். வேறு மரத்துக்குப் போய்விடாமல் மனைவி கூடவே நின்றாள். அவள் இழந்த கூலி மட்டும் முன்னூற்று முப்பத்திரண்டு வெள்ளி எண்பது காசு. அடகில் மூழ்கிய இரண்டு வளையல் தனி. வரவு எங்கே என்று பெரிய கிராணி கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

தினமும் பால் நிறுக்கும் நேரத்தில் அம்மாவும் வரிசையில் வந்து வெறும் வாளியை நீட்டுவாள். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். நிற்கட்டும் என்று அதை வாங்கித் தராசில் மாட்டி, முள் அசையாமல் நிற்கும் வரை பார்த்து நிறுத்தேன். ஒரு நாள்கூட விடவில்லை.