காரணம் என்றொரு கட்டம்

புள்ளியியல் துறை ஜமீலா மேடம் காலமான செய்தி காலையில் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. நான் வேங்கிக்காலில் பேருந்துக்கு நின்றிருந்தேன். பதில் எழுதுமுன்பே கைப்பேசி மூன்று இரங்கல் வாசகங்களை நீட்டியது. எதையும் தொடவில்லை. அவர் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

ஆசிரியர்களுக்கும் அலுவலர்களுக்கும் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி நடத்த நம் கல்லூரியில் அவர்தான் முன்வந்தார் என்பது இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களுக்குத் தெரியும். தமிழ்த்துறைக்காரனான நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். "சார், எதுக்கெடுத்தாலும் ஏன்னு கேக்கற பழக்கம் உங்களுக்கு ஜாஸ்தி. இந்த கிளாஸுக்கு அதான் வேணும். கணக்கு கம்மியா தெரிஞ்சா போதும்" என்றார். அதற்குப் பிறகு ஒரு வகுப்பையும் நான் விடவில்லை.

யார் படிப்பைப் பாதியில் நிறுத்தக்கூடும் என்று வருகைப் பதிவை வைத்துக் கணிக்கும் நிரல் ஒன்றைப் பயிற்சியின் முடிவில் செய்தோம். அது காட்டியவர்களில் பெரும்பாலோர் அடி அண்ணாமலைப் பக்கத்து மாணவர்கள். நிறைவு விழாவில் அதை வெளியிட்டு, அவர்களுடைய உதவித்தொகையை நிறுத்திவைக்க முதல்வர் விரும்பினார்.

"கம்ப்யூட்டரே சொல்லுதே மேடம்?"

"வரலைனு மட்டும்தான் சார் அதுக்கு நாம சொல்லியிருக்கோம். ஏன் வரலைனு சொல்லவே இல்லையே. பசங்களக் கேட்டுட்டு வந்துடறேன்."

கேட்டார். பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் வீட்டுக் கடையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் அவர்கள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. இத்தனைக்கும் பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தில் மாட்டி நாங்களே தாமதமாகத்தான் வருவோம்.

பதிவில் 'காரணம்' என்றொரு கட்டம் சேர்க்கும்வரை நிரலைத் தர மறுத்துவிட்டார். விழா நடக்கவில்லை. உதவித்தொகை யாருக்கும் நிற்கவில்லை. அடுத்த ஆண்டு பயிற்சியை வேறொருவரிடம் கொடுத்தார்கள். எனக்கு அதில் இன்றும் கோபம்தான். அவரோ, "கிளாஸ் போனா போகுது சார், பசங்க வராங்கள்ல" என்று சொல்லிவிட்டு விடைத்தாள் திருத்தப் போய்விட்டார்.

அந்தக் கட்டம் பிறகு எங்கள் விடுப்புப் பதிவுக்கும் வந்தது. ஒருமுறை நான் 'சொந்த வேலை' என்று எழுதியதைப் பார்த்து, "இதெல்லாம் ஒரு காரணமா சார்?" என்று கேலி செய்தார். அதை ஒழுங்காக நிரப்பும் பழக்கம்தான் அவரிடமிருந்து எனக்குத் தங்கியது.

அவருடைய அடக்கத்துக்குப் போனதால், செய்தி வந்த அன்று நான் கல்லூரிக்கு வரவில்லை. மறுநாள் அந்தக் கட்டத்தில் எழுதினேன்: ஜமீலா மேடம் இல்லை.