இரஞ்சிதமக்காவின் மண் வரிசை

வேலை கேட்டு வந்த ஒருவரையும் இரஞ்சிதமக்கா திருப்பி அனுப்பி நான் கண்டதில்லை.

அறுபத்து நான்காம் ஆண்டு மார்கழிப் புயல் எங்கள் ஊர்க் குளக்கட்டை உடைத்துக்கொண்டு போனது. ஒட்டுசுட்டானிலிருந்து நெடுங்கேணிக்குப் போகும் வழியில், காட்டோரமாக இருக்கிற சிறிய குளம் அது. தை பிறந்ததும் உடைப்பை அடைக்கும் வேலை தொடங்கியது. கடைசி மழை நீரையாவது பிடித்து வைக்காவிட்டால் வயலில் தப்பி நின்ற நெல்லும் கருகிவிடும். நான் அப்போது பட்டம் பெற்று, நியமனத்துக்குக் காத்துக்கொண்டு வீட்டில் சும்மா இருந்தேன். நானும் போய் நின்றேன்.

கங்காணியாக நின்ற இரஞ்சிதமக்கா எல்லோரிடமும் கேட்டதையே என்னிடமும் கேட்டார்.

"தம்பி, உம்மாலை என்ன ஏலும்?"

"தெரியேல்லை அக்கா."

"அப்ப வரிசையிலை நில்லும். கை தானாச் சொல்லும்."

அவரும் கணவரும் வடமராட்சியிலிருந்து காணி கிடைத்து இங்கே குடியேறியவர்கள். வந்த கொஞ்சக் காலத்திலேயே கணவரை யானை அடித்துக் கொன்றுவிட்டது. தெருவேலை நடக்கும் இடத்துக்கு அக்கா போய் வேலை கேட்டபோது, "தனிப் பொம்பிளை, நீ எத்தினை கடகம் மண் தூக்குவாய்?" என்று அங்கிருந்த கங்காணி சிரித்தாராம். அக்கா வீட்டுக்குப் போகவில்லை. மர நிழலில் இருந்து வேலையைப் பார்த்தார். பலமுள்ளவனும் பலமில்லாதவளும் ஒரே பாரத்தைச் சுமந்துகொண்டு ஒரே ஏற்றத்தில் ஏறினார்கள். பின்தங்கியவர்களை மறுநாள் காணவில்லை. பிறகு அவருக்கும் வேலை கிடைத்தது. சில ஆண்டுகளில் கூட இருந்தவர்களே கேட்டு அவரைக் கங்காணியாக்கினார்கள். அன்றோடு மண்ணைச் சுமந்து ஏறும் வழக்கத்தை அவர் விட்டுவிட்டார்.

அவருடைய வேலையில் ஒருவரும் நடப்பதில்லை. மண் வெட்டும் கிடங்கிலிருந்து கட்டின் உச்சி வரை ஆட்கள் நிற்பார்கள். பனையோலைக் கடகம் கைக்குக் கை மாறிப் போகும். கைக்குழந்தைக்காரி மருத மரத்தடியில், ஏணைக்கு எட்டும் தூரத்தில் நிற்பாள். ஒரு காலை இழுத்து நடக்கும் ஏரம்பர் உச்சியில் நின்ற நிலையிலேயே மண்ணைக் கட்டையால் இடித்து இறுக்குவார். எல்லோருக்கும் ஒரே கூலி. வரிசை சீராக ஓடும்போது கடகங்கள் தாமாகவே மேலே ஏறிப் போவது போலிருக்கும். முதல் நாள் அதைப் பார்த்தபோது எனக்கு மயிர் கூச்செறிந்தது. இதை அவர் யாரிடம் கற்றார் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். யாரிடமும் கற்றதாகத் தெரியவில்லை.

ஆனால் ஓரிடத்தில் வரிசை தடக்கியது. மயில்வாகனம் அண்ணை குளத்துக்குக் கீழே வயல் உள்ள கமக்காரர்; புயலில் எல்லாம் போக, கூலிக்கு வந்திருந்தார். அவருக்கு அடுத்து நின்றவன் சின்னராசா. அவனுடைய சாதிக்காரரின் கையில் எங்கள் ஊரில் ஒருவரும் ஒன்றும் நேரே கொடுப்பதில்லை. மயிலண்ணை கடகத்தை நிலத்தில் வைப்பார். அவர் கை எடுத்த பிறகு சின்னராசா குனிந்து தூக்குவான். ஒவ்வொரு கடகத்துக்கும் இப்படியே நடந்தது. கீழே கடகங்கள் குவிந்தன.

"என்ன அண்ணை, ஏன் நிலத்திலை வைக்கிறியள்?" என்று அக்கா கேட்டார்.

"நாரி பிடிச்சிருக்குப் பிள்ளை" என்று அவர் இடுப்பைப் பிடித்துக் காட்டினார்.

கிடங்குக்குள் மண் வெட்டிக்கொண்டிருந்த பாறூக் காக்கா நிமிர்ந்தார். "சின்னராசாவைக் கண்டாத்தான் உங்கட நாரி பிடிக்குது போல!"

எல்லோரும் சிரித்தோம். சின்னராசா மட்டும் சிரிக்கவில்லை.

மத்தியானம் வேலையை மேற்பார்க்கும் ஓவசியர் வந்தார். சற்று நேரம் பார்த்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டார்.

"ரஞ்சிதம், அந்தப் பெடியனை நிப்பாட்டு. நாளைக்கு வேறை ஆளைப் போடு."

"அவன் என்ன பிழை செய்தவன் ஐயா?"

"பிழையெண்டு நான் சொன்னனானே? வரிசை இழுபடுது. மழை வரப்போகுது."

சின்னராசாவுக்கு அது கேட்டது. இவ்வளவு காலமும் அவன் அடுத்தவர் வளவுகளில் கூப்பிட்ட நேரம் போய், கொடுத்ததை வாங்கி வந்தவன். மற்றவர்களோடு சமமாக நின்று செய்த வேலை அவனுக்கு இதுதான் முதல். மனைவி பிள்ளைத்தாய்ச்சி. அவன் கடகத்தைப் பிடித்தபடி அக்காவின் முகத்தையே பார்த்தான்.

"பொழுதுபட மட்டும் விடுங்கோ ஐயா" என்றார் அக்கா.

பிறகு வரிசையை மாற்றினார். அதுவரை அவர்கள் இருவரும் நின்றது சமதரை. கட்டின் பக்கம் செங்குத்தான சரிவு. மழை ஈரத்தில் வழுக்கும். "சரிவிலை நிக்கக் கால் உறுதியான ஆக்கள் வேணும். மயிலண்ணை, நீங்கள் கீழை நில்லுங்கோ. சின்னராசா, நீ அவருக்கு மேலை" என்றார். மயிலண்ணைக்குக் கீழே நான்.

முதல் கடகம் வந்தது. மயிலண்ணை வழக்கம் போல் அதைக் கீழே வைத்தார். அது உருண்டு, மண் முழுவதும் என் தலையில் கொட்டியது.

"தம்பிக்குப் பட்டாபிஷேகம்!" என்றார் பாறூக் காக்கா.

இரண்டாவது கடகத்தை மயிலண்ணை வைக்கவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். வைக்க இடமில்லை, திருப்பித் தரவும் முடியாது, என் கையில் அடுத்த கடகம் இருந்தது. கீழே நின்றவர்கள், "கை விடுதண்ணை, பிடியுங்கோ!" என்று கத்தினார்கள். நானும் கத்தினேன். அவரிடத்தில் நான் நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன்?

சின்னராசாவும் கை நீட்டவில்லை. அப்படி நீட்டி அவனுக்குப் பழக்கமில்லை. "நயினார்…" என்று இழுத்தான்.

மயிலண்ணையின் கால் வழுக்கத் தொடங்கியது.

"நீட்டடா கையை!" என்று அவர் கத்தினார். "என்னைக் கொல்லப் போறியே?"

நான்கு கைகள் ஒரு கடகத்தைப் பிடித்தன. ஒரு கணம்தான். பிறகு அது மேலே போய்விட்டது. அடுத்ததும் அதற்கடுத்ததும் போயின. ஏரம்பரின் கட்டை மண்ணில் விழும் சத்தம் விடாமல் கேட்டது. பொழுதுபடுவதற்குள் உடைப்பின் இரண்டு கரையும் ஒன்றையொன்று தொட்டன. நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருவரையும் திட்டாமல், நியாயம் பேசாமல், இரண்டு பேரை இடம் மாற்றி வைத்த அந்த மெலிந்த பெண், கட்டின் உச்சியில் நின்று வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

ஓவசியர் சின்னராசாவைப் பற்றி மறுபடி ஒன்றும் சொல்லவில்லை.

மயிலண்ணை அன்று வீட்டுக்குப் போனதும் தீட்டுக் கழியத் தலை முழுகினாராம். அது ஊர் முழுக்கத் தெரியும். கட்டு இன்னும் உயர வேண்டியிருந்தது. மறுநாள் காலையில் அக்கா அவரிடம் கேட்டார்: "அண்ணை, நாரி ஏலாதெண்டால் இண்டைக்கு வேறை இடம் தரட்டே?"

அவர் சரிவைப் பார்த்தார். சின்னராசா முன்னமே வந்து, கால் வைக்க இரண்டு குழி வெட்டிக்கொண்டிருந்தான். தனக்கொன்று, கீழே நிற்பவருக்கு ஒன்று.

"வேறை ஆக்கள் நிண்டால் மண் கொட்டுண்டு போகும்" என்றார் மயிலண்ணை. "எங்களையே விடு."