டீசலில் நனைந்த விரல்கள்

காட்டுவதற்கு என் உடம்பில் ஒரு தழும்புகூட இல்லை என்பதுதான் அந்தக் குளிர்காலம் முழுக்க என் கவலை. கடிதம், படம், சாட்சி எதுவும் இல்லை. என் வாயை மட்டும் நம்பி அகதிக் கேஸ் நின்றது. திங்கட்கிழமை டவுன்டவுனில் விசாரணை. போகாவிட்டால் எல்லாம் முடிந்தது. நானோ அதற்கு முந்திய வியாழக்கிழமை, மொன்றியலுக்கு வெகு வடக்கே, பாறை துளைக்கும் மெஷின் ஒன்றுக்குக் கீழே கிடந்தேன்.

மொன்றியலின் லாசால் பகுதியில் ஒரு பட்டறையில் எனக்கு வேலை. மட்டக்களப்பில் குழாய்க்கிணறு அடிக்கும் மெஷின்களோடு மாரடித்தவன் என்று தெரிந்ததும் பழுது பார்க்க வடக்கே அனுப்பிவிட்டார்கள். விசாரணையைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. "கேஸ் கதையை முதலாளிட்டை எடுக்காதை, வேலையால நிப்பாட்டிப் போடுவாங்கள்" என்று அறையில் கூட இருந்த யாழ்ப்பாணத்து அண்ணை சொல்லியிருந்தார். வெள்ளி மாலை விமானத்தில் திரும்பிவிடலாம் என்று நானும் நினைத்தேன்.

வெடித்த ஹைட்ராலிக் குழாயை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். ஊர்ப் பழக்கத்தில் முதல் காரியமாக எஞ்சினை நிறுத்தினேன். டீசலுக்கு வரிசையில் நின்று வளர்ந்தவன், சும்மா ஓடவிட மனம் வருமா? அங்கே பனிக்காலம் முடியும்வரை யாரும் எஞ்சினை நிறுத்துவதில்லையாம். மைனஸ் நாற்பது. குழாயை மாற்றி முடிப்பதற்குள் டீசல் மெழுகாக உறைந்துவிட்டது, எஞ்சின் மறுபடி கிளம்பவில்லை.

"இது ஓடும்வரை நீ விமானம் ஏற முடியாது" என்றார் கியூபெக்கார ஃபோர்மன், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். வெள்ளி விமானத்தை விட்டால் அடுத்தது ஒரு கிழமை கழித்துத்தான். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, மடையன்.

தார்ப்பாய்ப் படங்கால் மூடி ஹீட்டரால் சூடு ஊதி ஊதி, வெள்ளி மத்தியானம்தான் டீசல் இளகியது. இனி பைப்பில் அடைத்த காற்றை எடுக்க வேண்டும். நட்டைத் தளர்த்தி, கசிகிற டீசலில் விரலை வைத்தால் குமிழி ஓய்வது தெரியும். ஊரில் எல்லோரும் அப்படித்தான் பார்ப்போம். கையுறையோடு ஒன்றும் தெரியவில்லை. கழற்றினேன்.

மூன்று விரல்கள் உடனே வெளுத்துப்போயின. வலிக்கவே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. எஞ்சின் இருமி இருமிப் பிடித்துக்கொண்டது. ஃபோர்மன் திட்டிக்கொண்டே என் கையை இழுத்துத் தன் தோளுக்குக் கீழே கமக்கட்டுச் சூட்டில் வைத்துக்கொண்டார். விமானம் வரும்வரை விடவில்லை.

திங்கட்கிழமை விரல்கள் கறுத்துக் கொப்பளித்திருந்தன. சத்தியம் செய்ய நான் கையை உயர்த்தியதும் அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். அவர் கேட்டதைச் சென்னைக்காரரான மொழிபெயர்ப்பாளர் தணிந்த குரலில் சொன்னார்.

"கையில என்ன காயம்னு கேக்குறாங்க. அங்க ஆர்மிக்காரங்க பண்ணதான்னு கேக்குறாங்க."

"ஓம், அவங்கதான்" என்ற பதில் நாக்கு நுனிவரை வந்தது. அதிகாரியின் முகத்தில் இரக்கம் தெரிந்தது. அது இனி ஒருமுறை கிடைக்காது என்று எனக்குத் தெரியும்.

"இல்ல" என்றேன். "இது இஞ்ச வேலையில வந்த காயம். அங்க அவங்க செஞ்சது என்ட தம்பிக்கு. அவன்ட உடம்ப எங்களுக்குத் தரல்ல."